பாட்டி சொன்ன நரம்பு, டாக்டர் சொன்ன நரம்பு: நர்சிங் மாணவர்கள் புறநரம்பு மண்டலத்தைப் படிக்கும் வழி

வார்டு போஸ்டிங் தொடங்கிய முதல் வாரம் ஒரு மாணவி பதறிக்கொண்டு வந்தார். "மேடம், ஆறாம் பெட் பாட்டிக்கு நரம்பே கிடைக்கலை." அவர் தேடியது வெயின், அதாவது ஊசி போடும் ரத்தக்குழாய். அரைமணி நேரம் முன்புதான் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் அதே பாட்டியின் காலைப் பார்த்துவிட்டு, "சுகர்ல நரம்பு போயிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் சொன்னது உணர்வைக் கடத்தும் நெர்வ். பாட்டி சிரித்துக்கொண்டே கேட்டார்: "அதான் போயிடுச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாரே, அப்புறம் எங்கேம்மா கிடைக்கும்?"

முதல் செமஸ்டரில் அனாட்டமி, பிசியாலஜி புத்தகங்களைத் திறந்ததும் பெரும்பாலான பிள்ளைகள் நரம்புகளின் பெயர்ப் பட்டியலை உருப்போட ஆரம்பிப்பார்கள். பரீட்சை எழுதிய மறுவாரம் அது ஆவியாகிவிடும். நான் சொல்லித்தரும் வரிசை வேறு. முதலில் உங்கள் உடம்பில் தொட்டுப் பாருங்கள். அடுத்து, நோயாளிக்கு எது போயிருக்கிறது என்று பாருங்கள். பெயர் கடைசியில் வரட்டும், அப்போது ஒட்டிக்கொள்ளும்.

படி 1: 'நரம்பு' என்ற சொல்லைச் சுத்தம் செய்யுங்கள்

நம் ஊரில் நரம்பு என்றால் எதுவாகவும் இருக்கலாம். 'நரம்பு ஊசி' என்பது ஐ.வி. 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்றால் வெரிகோஸ் வெயின். 'நரம்பு மேல நரம்பு ஏறிடுச்சு' என்றால் தசைப்பிடிப்பு. 'நரம்புத் தளர்ச்சி' என்றால் கை நடுக்கத்தில் தொடங்கி தூக்கமின்மைவரை எல்லாம் அடக்கம். நோயாளி சொல்வதைத் திருத்த வேண்டாம். நம் தலைக்குள் மட்டும் வெயின், டெண்டன், நெர்வ் மூன்றையும் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் இடது முன்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். நீலமாகத் தெரிவது, அழுத்தினால் அமுங்கி விட்டால் எழும்புவது வெயின். மணிக்கட்டை மடக்கிக் கையை இறுக மூடினால் கயிறு மாதிரி எழும்பி, விரலோடு சேர்ந்து ஆடுவது தசைநாண், அதாவது டெண்டன். இப்போது முழங்கையை மடக்கி, உள்பக்க எலும்பு மேட்டுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் விரல் வைத்து மெதுவாக உருட்டுங்கள். வழவழவென்று ஒரு நூல்கயிறு விரலுக்கடியில் நழுவும். கொஞ்சம் அழுத்தினால் சுண்டுவிரல்வரை சுர்ரென்று ஷாக் அடிக்கும். அதுதான் அல்னார் நரம்பு. சின்ன வயதில் பெஞ்சில் முழங்கையை இடித்துக்கொண்டு துள்ளினோமே, அதே இடம்.

படி 2: ஒரே ஒரு நரம்பிழையை வரைந்து பழகுங்கள்

தோசைக்கல்லில் விரல் பட்டுவிட்டது. கை பின்னால் வந்த பிறகுதான் 'ஆ' வருகிறது. இந்த அரை நொடிக்குள் புறநரம்பு மண்டலத்தின், அதாவது மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே ஓடும் நரம்புகளின், பாதிப் பாடம் இருக்கிறது. வெள்ளைத்தாளில் வரையுங்கள்: விரல்நுனித் தோலில் ஒரு உணர்வி, அங்கிருந்து கை வழியாக மேலேறும் உணர்வு நரம்பிழை, தண்டுவடத்துக்குள் நுழையும் பின்வேர், அந்த வேரில் ஒரு சின்ன வீக்கம். அந்த வீக்கம்தான் பின்வேர் முடிச்சு, டார்சல் ரூட் கேங்லியான். உணர்வு நரம்பின் செல் உடல் அங்கே தண்டுவடத்துக்கு வெளியே குடியிருக்கிறது. செய்தி உள்ளே போய், இடையில் ஒரு செல்லைத் தொட்டு, தண்டுவடத்தின் முன்பகுதியான முன்கொம்பில் இருக்கும் இயக்க செல்லுக்கு வந்து, முன்வேர் வழியாக வெளியேறி, கையை மடக்கும் தசையைச் சுண்டுகிறது. மூளைக்குத் தகவல் போய்ச் சேருவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது.

பின்னால் கேட்கும், முன்னால் செய்யும் என்று வைத்துக்கொண்டால் வேர்கள் குழம்பாது. இந்த ஒற்றை வரியை உறுதிசெய்ய மருத்துவ உலகுக்கு நாள் பிடித்தது. சார்லஸ் பெல் 1811-இல் பாதி சொன்னார், பிரான்சின் மெஜந்தி 1822-இல் முழுதாக நிரூபித்தார். அதனால்தான் பெல்-மெஜந்தி விதி என்று இருவர் பெயரையும் சேர்த்துச் சொல்கிறோம்.

இந்தப் படத்தில் தேர்வுக்கு அடிக்கடி மாட்டும் ஒரு நுணுக்கம் உண்டு. இயக்க நரம்பின் செல் உடல் தண்டுவடத்துக்குள், அதாவது மைய நரம்பு மண்டலத்தில் இருக்கிறது. அதன் வால்தான் வெளியே வந்து புறநரம்பாகிறது. இழையைச் சுற்றிக் கொழுப்புறை (மைலின்) போடுபவர்களும் வேறு வேறு. வெளியே ஷ்வான் செல், உள்ளே ஒலிகோடெண்ட்ரோசைட்.

உறை எதற்கு? நள்ளிரவில் கட்டில்காலில் பெருவிரலை இடித்துக்கொண்ட நினைவு இருக்கிறதா? முதலில் 'சுளீர்', ஒரு மூச்சு விட்டுப் பிறகு 'விண்விண்' என்ற எரிச்சல் வலி. முதலாவதைக் கொண்டுவருவது மெல்லிய உறையுள்ள ஏ-டெல்டா இழை, நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகம். இரண்டாவது உறையே இல்லாத சி இழை, நொடிக்கு 0.5 முதல் 2 மீட்டர்தான். பெருவிரலிலிருந்து தண்டுவடம் ஏறக்குறைய ஒரு மீட்டர். கணக்கு நீங்களே போடலாம். தசையை இயக்கும் தடித்த ஏ-ஆல்ஃபா இழையோ நொடிக்கு 70 முதல் 120 மீட்டர் ஓடும்.

இன்னொரு எண்ணையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நோயாளிகள் கேட்பது இதைத்தான். அறுபட்ட புறநரம்பு சேர்த்துத் தைக்கப்பட்டால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளரும். முழங்கையருகே வெட்டுப்பட்டவருக்கு விரல்நுனிவரை 30 சென்டிமீட்டர் என்றால் பத்து மாதம். "அடுத்த வாரம் சரியாகிடுமா சிஸ்டர்?" என்று கேட்பவருக்கு இந்தக் கணக்கு தெரிந்த நர்ஸ்தான் நிதானமாகப் பதில் சொல்ல முடியும்.

படி 3: முப்பத்தொன்றை முதுகில் எண்ணுங்கள், பேனாவால் தோலில் வரையுங்கள்

தண்டுவட நரம்புகள் 31 ஜோடி: கழுத்தில் (சி) 8, மார்பில் (டி) 12, இடுப்பில் (எல்) 5, திரிகத்தில் (எஸ்) 5, வால் எலும்பில் 1. கழுத்தெலும்பு ஏழுதானே, நரம்பு எட்டு எப்படி? சி1 நரம்பு முதல் எலும்புக்கு மேலே வெளியேறுகிறது. இப்படி ஏழும் தத்தம் எலும்புக்கு மேலே போய்விட்டால், ஏழாவது கழுத்தெலும்புக்கும் முதல் மார்பெலும்புக்கும் நடுவே ஒரு இடம் மிச்சம். அங்கே வருவது சி8. அதற்குப் பிறகு எல்லா நரம்பும் தன் எலும்புக்குக் கீழே. இதைப் புரிந்துகொள்ளாமல் 8, 12, 5, 5, 1 என்று ஒப்பிப்பவர்கள் வைவாவில் முதல் குறுக்குக் கேள்விக்கே விழிப்பார்கள்.

பெரியவர்களுக்குத் தண்டுவடம் எல்1–எல்2 அளவிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்புவேர்கள் குதிரைவால் போல மிதக்கின்றன. முதுகில் ஊசி போட்டு தண்டுவட நீர் எடுக்கும் லம்பார் பங்சருக்கு எல்3–4 அல்லது எல்4–5 இடைவெளியைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான். ஊசியின் முன் வேர்கள் விலகிக்கொள்ளும், தண்டுவடம் விலகாது.

அடுத்தது டெர்மடோம், அதாவது ஒரு தண்டுவட நரம்பு உணர்வு கொடுக்கும் தோல்பகுதி. படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்யாதீர்கள். ஹாஸ்டலில் ரூம்மேட்டைப் பிடித்து பால்பாயின்ட் பேனாவால் எழுதுங்கள். கட்டைவிரலில் சி6, நடுவிரலில் சி7, சுண்டுவிரலில் சி8. முலைக்காம்பு மட்டம் டி4, தொப்புள் டி10, அரையிடுக்கு எல்1. பாதத்தின் மேல்புறம் பெருவிரல் பக்கம் எல்5, சுண்டுவிரல் ஓரம் எஸ்1. உட்காரும் இடத்தின் நடுவே எஸ்3 முதல் 5. இந்த ஒன்பது புள்ளிகள் கைவசம் இருந்தால் நடுவில் உள்ளதை ஊகித்துவிடலாம்.

டெர்மடோம் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்க வேண்டுமா? அக்கி வந்தவரைப் பாருங்கள். சின்னம்மை வைரஸ் பல வருடம் பின்வேர் முடிச்சில் உறங்கிக் கிடந்து, எதிர்ப்புச் சக்தி குறைந்த நேரத்தில் அந்த ஒரு நரம்பின் வழியே தோலுக்கு இறங்குகிறது. அதனால் கொப்புளங்கள் பெல்ட் மாதிரி ஒரு பக்கமாகவே ஓடி, உடம்பின் நடுக்கோட்டில் கத்தரித்தாற்போல நிற்கும். கிராமத்தில் காவியால் அக்கி எழுதிக்கொண்டு, ஒரு வாரம் கழித்து வலி தாங்காமல் வருவார்கள். திட்டாதீர்கள். ஆனால் வைரஸ் மருந்து முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன், அதை மட்டும் அக்கம்பக்கத்தாருக்கும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள்.

சிசேரியனுக்கு ஸ்பைனல், அதாவது முதுகில் மரத்துப்போகும் ஊசி, கொடுத்த பிறகு மயக்க மருத்துவர் ஸ்பிரிட் பஞ்சை வயிற்றிலிருந்து மேலே மேலே வைத்து "சில்லுனு இருக்காம்மா?" என்று கேட்பதைக் கவனியுங்கள். மரப்பு டி4 வரை ஏறிவிட்டதா என்று அவர் தேடுகிறார்.

படி 4: பின்னல்களை விட்டுவிட்டு கையைப் பிடியுங்கள்

கைக்குப் போகும் நரம்புப் பின்னலான பிரேக்கியல் பிளெக்ஸஸின் வேர், தண்டு, பிரிவு, வடம், கிளை எல்லாவற்றையும் முதல் நாளே வரைய முயல்வது வீண் உழைப்பு. சி5 முதல் டி1 வரை ஐந்து வேர்கள் பின்னிக்கொண்டு கைக்குப் போகின்றன. இப்போதைக்கு அவ்வளவு போதும். கழுத்துப் பின்னலில் மறக்கக் கூடாதது ஒன்றே: சி3, சி4, சி5-இலிருந்து பிறக்கும் ஃப்ரெனிக் நரம்பு உதரவிதானத்தை இயக்குகிறது. கழுத்தெலும்பு முறிந்து வந்தவருக்குக் கை கால் அசைகிறதா என்பதைவிட மூச்சு எப்படி என்று ஏன் முதலில் பார்க்கிறோம் என்பதற்கு விடை இந்த மூன்று வேர்களில் இருக்கிறது.

கைக்கு மூன்று நரம்புகள். கல், காகிதம், கத்தரி விளையாட்டு தெரியுமல்லவா? கையை விரித்து மணிக்கட்டை நிமிர்த்திக் காகிதம் காட்டுவது ரேடியல். விரல்களை அகட்டிக் கத்தரி காட்டுவது அல்னார். இறுக்கி மூடிக் கல் காட்டுவதில் பெரும்பங்கு மீடியன். உணர்ச்சிக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம் போதும்: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே புறங்கைத் தோல் ரேடியல், ஆள்காட்டி விரல்நுனி மீடியன், சுண்டுவிரல் நுனி அல்னார். கை எலும்பு முறிந்த குழந்தைகூட இந்த விளையாட்டுக்குச் சம்மதிக்கும்.

மூன்றும் கெட்டால் மூன்று தோற்றம். ரேடியல் போனால் மணிக்கட்டு தொங்கும். அல்னார் போனால் கடைசி இரண்டு விரல்கள் நகம்போல வளையும். மீடியன் போனால் கட்டைவிரல் மேடு வற்றிப்போகும்.

அந்த வளைந்த விரல்களுக்கு நம் மண்ணில் ஒரு வரலாறு இருக்கிறது. தொழுநோய்க் கிருமி குளிர்ச்சியான, தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகளை விரும்பும். முழங்கையில் நீங்கள் உருட்டிப் பார்த்த அல்னார் அதற்கு மிகப் பிடித்த இடம். நரம்பு தடித்து, உணர்ச்சி செத்து, விரல் வளையும். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் 1940களின் இறுதியில் தொடங்கி, வேலை செய்யும் தசைநாணை இடம் மாற்றித் தைத்து அந்த விரல்களை நிமிர்த்தினார். அறுவைச் சிகிச்சையைவிடப் பெரிதாக அவர் நிறுவியது வேறொன்று: தொழுநோயில் விரல் தானாக அழுகி உதிர்வதில்லை. வலி தெரியாததால் சுட்டுக்கொண்டு, வெட்டிக்கொண்டு, அந்தப் புண்ணோடு வேலை செய்தே அது தேய்கிறது. சர்க்கரை நோயாளியின் பாதத்துக்கு இன்று நாம் சொல்லும் அறிவுரை முழுவதும் இதே தர்க்கம்தான்.

காலுக்கு வேகமாகப் போய்விடலாம். தொடையின் முன்பக்கம் ஃபெமோரல், உள்பக்கம் ஆப்டியூரேட்டர், பின்பக்கம் எல்4 முதல் எஸ்3 வரையிலான வேர்களால் ஆன சயாட்டிக். அது முழங்காலுக்கருகில் டிபியல், காமன் பெரோனியல் என்று இரண்டாகும். நுனிக்காலில் நின்றால் டிபியல், குதிகாலில் நின்று பாதத்தைத் தூக்கினால் பெரோனியல்.

படி 5: பன்னிரண்டு கபால நரம்புகளை ஒரு நண்பரின் முகத்தில்

இதற்கு ஆங்கிலச் சூத்திரப் பாட்டு எல்லோருக்கும் ஒன்று தெரியும், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்வது, பெயர் வரிசையோடு கையும் போகட்டும் என்பதுதான். காபித்தூளை முகரவைப்பது ஒன்று. ஒரு கண்ணை மூடிப் படிக்கவைப்பது இரண்டு. விரலைப் பின்தொடரவைப்பது மூன்று, நான்கு, ஆறு. கன்னத்தில் பஞ்சு, பல்லைக் கடிக்கச் சொல்வது ஐந்து. புருவம் தூக்கு, கண்ணை இறுக்கு, சிரி என்றால் ஏழு. காதருகே விரலை உரசுவது எட்டு. 'ஆ' சொல்லவைத்து உள்நாக்கு நேராக ஏறுகிறதா என்பது ஒன்பதும் பத்தும். தோளைக் குலுக்குவது பதினொன்று, நாக்கை நீட்டுவது பன்னிரண்டு. மூன்று தடவை மூன்று பேருக்குச் செய்தால் ஆயுளுக்கும் மறக்காது.

ஒன்று, இரண்டு, எட்டு மூன்றும் உணர்வு மட்டும். ஐந்து, ஏழு, ஒன்பது, பத்து கலப்பு. மிச்சம் இயக்கம்.

ஏழாவதில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். வாய் ஒருபக்கம் கோணி வந்தவரிடம் "நெத்தியைச் சுருக்குங்க" என்று சொல்லுங்கள். நெற்றியும் சுருங்கவில்லை, கண்ணும் மூடவில்லை என்றால் முகத்தை இயக்கும் அந்த ஏழாவது நரம்பே பாதிக்கப்பட்ட பெல்ஸ் பால்சி (முகவாதம்) போன்றதாக இருக்க வாய்ப்பு அதிகம். நெற்றி நன்றாகச் சுருங்கி வாய் மட்டும் கோணினால் மூளையில் பக்கவாதமா என்று உடனே ஓட வேண்டும், ஏனென்றால் நெற்றிக்கு இரு பக்க மூளையிலிருந்தும் இணைப்பு உண்டு. பெல்ஸ் பால்சிக்கு நர்ஸின் வேலை கண். பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு இமையை மூடி டேப். வாய் சில வாரங்களில் பெரும்பாலும் திரும்பிவிடும், காய்ந்து புண்ணான கருவிழி திரும்பாது.

பத்தாவது வேகஸை, சளி உறிஞ்ச சக்ஷன் போடும்போது சந்திப்பீர்கள். குழாயை ஆழமாகவும் நீளநேரமும் வைத்தால் மானிட்டரில் இதயத் துடிப்பு சரியும். வேகஸைக் கிள்ளியது நீங்கள்தான்.

படி 6: தானியங்கி மண்டலத்தை ஒரு விஷக் கேஸை வைத்துப் படியுங்கள்

தானியங்கி மண்டலம் என்பது இதயம், குடல், சுரப்பிகளை நம் கட்டளையின்றி நடத்தும் நரம்புகள். அதன் இரு பிரிவுகளான சிம்பதெடிக், பாராசிம்பதெடிக் அட்டவணை எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. இடது பக்கம் 'சண்டை, ஓட்டம்', வலது பக்கம் 'ஓய்வு, செரிமானம்'. படித்தால் புரியும், மறுநாள் எது எந்தப் பக்கம் என்று குழம்பும். எனக்கு அது தெளிவானது புத்தகத்தில் இல்லை, பூச்சி மருந்து குடித்து வந்தவரின் கட்டிலருகே.

அதற்கு முன் சுருக்கமாக அடித்தளம். சிம்பதெடிக் டி1 முதல் எல்2 வரை நடுவுடம்பிலிருந்து கிளம்புகிறது. பாராசிம்பதெடிக் இரு முனைகளிலிருந்து: கபால நரம்புகள் 3, 7, 9, 10, கீழே எஸ்2 முதல் 4. இரண்டிலும் வழியில் ஒரு முடிச்சு, இரண்டு நியூரான்கள். முடிச்சில் பேசும் வேதிப்பொருள் இரண்டிலும் அசிட்டைல்கோலின். கடைசி முனையில் பாராசிம்பதெடிக்குக்கு மறுபடியும் அசிட்டைல்கோலின், சிம்பதெடிக்குக்குப் பெரும்பாலும் நார்அட்ரினலின். நரம்பு வேதிப்பொருளால் பேசுகிறது என்பதையே 1921-இல் ஓட்டோ லூவி இரண்டு தவளை இதயங்களை வைத்துக் காட்டினார். ஒன்றின் வேகஸைத் தூண்டி, அது மிதந்த திரவத்தை எடுத்து மற்றதில் விட்டார். தொடப்படாத இரண்டாம் இதயமும் மெதுவானது. 1936-இல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசு.

இனி கேஸ். ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லி, அசிட்டைல்கோலினை உடைத்துத் துப்புரவு செய்யும் நொதியை முடக்கிவிடுகிறது. அசிட்டைல்கோலின் எங்கெல்லாம் பேசுமோ அங்கெல்லாம் கத்தத் தொடங்குகிறது. கட்டிலில் தலைமுதல் கால்வரை பாருங்கள். கண்மணி குண்டூசி முனையளவு. கண்ணீர். வாயோரம் நுரை. நெஞ்சில் ஸ்டெத் வைத்தால் களகளவென்று நீர்ச்சத்தம். துடிப்பு மெதுவாக. வயிற்றுப்போக்கு, சிறுநீர் தானாக. இது முழுவதும் பாராசிம்பதெடிக் அட்டவணைதான், உயிரோடு படுத்திருக்கிறது.

வேர்வை? சட்டை பிழிந்தால் சொட்டும். வேர்வைச் சுரப்பிக்கு வருவது சிம்பதெடிக் நரம்பாயிற்றே என்று யோசித்தால் நீங்கள் ஒழுங்காகப் படித்தவர். அங்கே மட்டும் சிம்பதெடிக் இழை அசிட்டைல்கோலினைப் பயன்படுத்துகிறது. அடுத்து தொடையைப் பாருங்கள். தோலுக்கடியில் புழு நெளிவதுபோலத் தசை துடிக்கும். அது தானியங்கி மண்டலமே இல்லை, சாதாரண இயக்க நரம்பு தசையைத் தொடும் இடம். அங்கேயும் அசிட்டைல்கோலின்தான், ஆனால் ஏற்பி நிகோடினிக் வகை.

இந்தப் பிரிவு தெரிந்தால் மாற்று மருந்தான அட்ரோபின் என்ன செய்யும், என்ன செய்யாது என்பது தானாக வரும். அது பாராசிம்பதெடிக் முனைகளிலும் வேர்வைச் சுரப்பியிலும் உள்ள மஸ்கரினிக் ஏற்பியை மட்டும் அடைக்கிறது. நுரையீரல் காயும், துடிப்பு ஏறும், வேர்வை நிற்கும். தசைப் பலவீனம் தீராது. வழக்கமாக 1.8 முதல் 3 மில்லிகிராம், அதாவது 0.6 மில்லிகிராம் ஆம்பூல் மூன்று முதல் ஐந்து, முதலில் கொடுத்து, ஐந்து நிமிடத்துக்கொரு முறை இரட்டிப்பாக்கச் சொல்வார்கள். அளவு டாக்டர் எழுதுவது, ஆனால் பக்கத்தில் நின்று பார்ப்பது நாம். நெஞ்சு சுத்தமாகக் கேட்கிறதா, துடிப்பு 80-க்கு மேலா, மேல் ரத்த அழுத்தம் 80-க்கு மேலா, அக்குள் காய்ந்ததா, கண்மணி முனையளவிலிருந்து விரிந்ததா. கண்மணியை மட்டும் நம்பாதீர்கள், அது தாமதமாக விரியும். மறுபக்கம், நோயாளி பிதற்றிக் காற்றில் எதையோ பிடிக்கப் போகிறார், காய்ச்சல், குடல் சத்தம் இல்லை என்றால் அட்ரோபின் அதிகமாகிவிட்டது.

இரண்டாம், மூன்றாம் நாள்தான் ஏமாற்றும். நோயாளி தெளிந்து, வீட்டாரோடு பேசி, இட்லி கேட்பார். அன்று ஒவ்வொரு ரவுண்டிலும் ஒரு வேலை செய்யுங்கள்: "தலையணையிலேர்ந்து தலையை மட்டும் தூக்குங்கண்ணா." தூக்க முடியவில்லை, அல்லது நேற்றைவிடச் சிரமப்படுகிறார் என்றால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். விஷம் குடித்து 24 முதல் 96 மணி நேரத்தில் கழுத்தை மடக்கும் தசை, தோள், தொடை, பிறகு மூச்சுத் தசை என்று பலவீனம் வரும். இதை 'இடைநிலை நோய்க்குறி' என்று பெயரிட்டு 1987-இல் விவரித்தவர்கள் இலங்கை மருத்துவர்கள் நிமால் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரலியத்தவும். இதற்கு அட்ரோபின் உதவாது, வென்டிலேட்டர்தான். தலையணைச் சோதனைக்குக் கருவி வேண்டாம், பத்து விநாடி போதும்.

அதே நரம்பு-தசைச் சந்திப்பில்தான் கட்டுவிரியனும் நல்ல பாம்பும் வேலை செய்கின்றன. கடித்தவுடன் வீங்காமல், விடியற்காலையில் வயிற்றுவலியோடு இமை தொங்கி வருகிறவரைப் பார்த்தால், தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடாமல் கட்டுவிரியனை நினையுங்கள்.

படி 7: நம் கையால் கெடும் நரம்புகள்

இந்தப் பாடம் எந்த நர்ஸுக்கும் இனிக்காது. ஆனால் புறநரம்பில் நர்ஸுக்கென்றே உள்ள பகுதி இதுதான். நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு சிறுவன், புட்டத்தில் போட்ட ஊசிக்குப் பிறகு பாதத்தை இழுத்து இழுத்து நடந்து வந்தான். ஊசி போட்டவர் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. அவன் அம்மா செருப்பின் முன்பக்கம் மட்டும் தேய்ந்திருப்பதைத் தூக்கிக் காட்டினார்.

சயாட்டிக் நரம்பு புட்டத்தின் உள்கீழ்ப்பகுதியில் ஓடுகிறது. புட்டத்தை நான்காகப் பிரித்து மேல்வெளிப் பகுதி என்று சொல்லிக்கொண்டு குத்துமதிப்பாகப் போடுவதைவிட இடுப்பின் பக்கவாட்டிலுள்ள வென்ட்ரோகுளூட்டியல் இடம் பாதுகாப்பு. நோயாளியின் இடது இடுப்புக்கு உங்கள் வலது கை: உள்ளங்கை தொடையெலும்பின் பெரிய மேட்டில், ஆள்காட்டிவிரல் இடுப்பெலும்பின் முன்முனையில், நடுவிரலை இடுப்பெலும்பின் விளிம்பை நோக்கி அகட்டுங்கள். இரண்டு விரலுக்கும் நடுவில் ஊசி. கைக்குழந்தைக்குத் தொடையின் முன்வெளிப்பகுதி. தோளில் என்றால் தோளெலும்பு முனைக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே, அதைவிட இறங்கினால் ஆக்ஸிலரியும் ரேடியலும் காத்திருக்கின்றன. ஊசி இறங்கும்போது "ஷாக் அடிக்குது" என்று கத்தினால் மருந்தைத் தள்ளாதீர்கள், வெளியே எடுங்கள். ஐ.வி. போடும்போதும் அப்படியே. மணிக்கட்டின் உள்பக்கத்தைத் தவிருங்கள். பாட்டி சொன்ன நரம்பைத் தேடிப்போய் டாக்டர் சொன்ன நரம்பைக் குத்திவிடக் கூடாது.

மாவுக்கட்டு போட்ட காலில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம், ஃபிபுலா எலும்பின் கழுத்தைச் சுற்றிப் பெரோனியல் நரம்பு தோலுக்கடியிலேயே ஓடுகிறது. கட்டின் விளிம்பு அங்கே அழுத்தினால் பாதம் தொங்கும். அதனால் வெறும் "விரலை ஆட்டுங்க" போதாது. "பெருவிரலை மூஞ்சியைப் பார்த்து மேலே தூக்குங்க" என்று சொல்லி, முதல் இரண்டு விரலுக்கு நடுவே தொட்டுக் கேளுங்கள். ஆபரேஷன் தியேட்டரில் காலைத் தூக்கிக் கட்டும் லித்தாட்டமி நிலையிலும் அதே நரம்பு, மேசை ஓரத்தில் தொங்கும் முழங்கையில் அல்னார். ஊன்றுகோல் அக்குளில் இடித்தால் ரேடியல், இரண்டு மூன்று விரல் இடைவெளி விட்டு உள்ளங்கையில் பாரம் போடச் சொல்லுங்கள்.

படி 8: நோயாளியின் தமிழில் கேளுங்கள், எண்ணால் எழுதுங்கள்

"சென்சேஷன் இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "நடக்கும்போது செருப்பு கழண்டு விழுந்தா தெரியுதா?" என்று கேளுங்கள். "மெத்தைமேல நடக்கிற மாதிரி இருக்கா? எறும்பு ஊறுதா, எரியுதா, மதமதன்னு இருக்கா? மூஞ்சி கழுவக் கண்ணை மூடினா தள்ளாடுதா?" கடைசிக் கேள்வி, கண்ணை மூடி நிற்கவைத்துத் தள்ளாட்டம் பார்க்கும் ரோம்பர்க் சோதனைதான், வாஷ்பேசின் முன்னால். சர்க்கரையில் மிக நீளமான இழைகள் முதலில் கெடுவதால் கால்விரலில் தொடங்கி மேலேறும். முழங்கால்வரை வந்தபிறகே கைவிரல்நுனிகள் மரக்கும். தொடு உணர்வைச் சோதிக்கும் நைலான் இழையான 10 கிராம் மோனோஃபிலமென்ட்டையும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையையும் ஒருமுறை உங்கள் காலிலேயே வைத்துப் பாருங்கள், எதை எதிர்பார்க்க வேண்டும் என்று தெரியும்.

இதற்குத் தலைகீழாக, வேகமாக ஏறுவதால் பயப்பட வேண்டியது கியாம்-பாரே, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே புறநரம்புகளைத் தாக்கும் நோய். 1916-இல் கியாம், பாரே, ஸ்ட்ரோல் விவரித்தது, 2025 தொடக்கத்தில் புணேயில் கொத்தாக வந்தபோது செய்தித்தாளெல்லாம் பேசியது. வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்து ஒன்றிரண்டு வாரத்தில் இரு கால்களும் தளர்ந்து, நாளுக்கு நாள் மேலேறும். முழங்கால் தட்டினால் துள்ளாது. மாடி ஏற முடியாமல் வந்தவர் மறுநாள் டம்ளரைத் தூக்கத் தடுமாறுவார். ரத்த அழுத்தமும் துடிப்பும் காரணமின்றி ஏறி இறங்கும், தானியங்கி இழைகளும் அதில் சிக்குவதால்.

இவருக்கு விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டர் 98 காட்டுகிறதென்று நிம்மதியாக உட்காராதீர்கள். மூச்சுத் தசை களைத்து, கரியமிலவாயு ஏறி, கடைசியில்தான் அந்த எண் விழும். ஆழமாக மூச்சிழுத்து, ஒரே மூச்சில் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணச் சொல்லுங்கள். எவ்வளவு வந்தது என்று நேரத்தோடு குறியுங்கள். 'கால் பலவீனம், நிலைமை சீர்' என்ற வரியால் அடுத்த டியூட்டிக்கு எந்தப் பயனும் இல்லை. இப்படி எழுதுங்கள்: மாலை 6 மணி, ஒரே மூச்சில் 28, கழுத்து தூக்குகிறார், தண்ணீர் புரையேறவில்லை. இரவு 10 மணி, 21. அதிகாலை 2 மணி, 14; எச்சில் விழுங்கச் சிரமம்; டாக்டருக்குப் போன் செய்யப்பட்டது, ஐ.சி.யூ.வுக்கு மாற்றம்.